முக்கோண அயனியும் அகச்சிவப்பு லேசரும்

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியை நிறமாலைமானியில் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஒவ்வொரு பொருளும் தனக்கே உரிய கோடுகளால் தன்னை இனங்காட்டிக்கொள்கிறது. விண்ணில் உள்ளவற்றை நாம் அறிவதும் இவ்வழியில்தான். ஆனால் கோடு எங்கே விழும் என்பதை முதலில் பூமியில் அளந்து வைத்திருக்க வேண்டும். அந்த அளவு இல்லையேல், எவ்வளவு பெரிய தொலைநோக்கியாயினும் எதைத் தேடுவது?

மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்து, ஓர் எலெக்ட்ரானை இழந்து நிற்கும் அயனி ஒன்று உண்டு. 1911-ல் ஜே. ஜே. தாம்சன் கண்டது. விண்மீன்களுக்கு இடைப்பட்ட குளிர்ந்த முகில்களில், காஸ்மிக் கதிர்கள் ஹைட்ரஜனைத் தாக்குவதால் இது பிறக்கும். தன்னிடமுள்ள ஒரு புரோட்டானை எதிர்ப்படும் அணுவுக்கோ மூலக்கூறுக்கோ கொடுத்துவிடும். அங்கே நீர் போன்ற பல மூலக்கூறுகள் உருவாவதற்கு இந்தக் கொடையே தொடக்கம் என்று 1973-ல் அறிஞர்கள் கூறினர். சான்று வேண்டுமே!

சிக்கல் இதன் வடிவில் இருந்தது. மூன்று புரோட்டான்களும் சமபக்க முக்கோணமாக அமைந்தவை. நிலையான மின் இருமுனை இல்லாததால் ரேடியோ அலைகளில் தேட வழியில்லை. புலனாகும் ஒளியிலும் கூர்மையான கோடுகள் இல்லை. முக்கோணம் அதிரும்போது மட்டும், 4 மைக்ரானை ஒட்டிய அகச்சிவப்புக் கதிர்களை அது உட்கவரும்.

அந்த அலைநீளத்தில், வேண்டியபடி சிறிது சிறிதாக மாற்றக்கூடிய ஒளி வேண்டும். ஆலன் பைன் 1974-ல் வெளியிட்ட முறை கைகொடுத்தது. ஆர்கான் லேசரின் பச்சை ஒளியையும் சாய லேசரின் ஆரஞ்சு ஒளியையும் ஒரே லித்தியம் நயோபேட் படிகத்தில் செலுத்தினால், அவற்றின் அதிர்வெண்களின் வேறுபாட்டுக்குச் சமமான அதிர்வெண்ணுடைய புதிய கதிர் வெளிவரும். 0.5145 மைக்ரானும் 0.59 மைக்ரானும் சேர்ந்தால் சுமார் 4 மைக்ரான்! (மாணவர்கள் தலைகீழ் எண்களைக் கழித்துப் பார்க்கலாம்.) சாய லேசரைச் சற்றே திருத்தினால் அகச்சிவப்புக் கதிரும் நகரும். கண்டிப்பாகச் சொன்னால் இந்தக் கதிரைத் தருவது படிகமே. பழக்கத்தில் இதையும் லேசர் என்றே சொல்கிறோம்.

கனடாவின் ஒட்டாவாவில் தகேஷி ஓகா இக்கதிரை, திரவ நைட்ரஜனால் குளிர்வித்த மின்னிறக்கக் குழாயினுள் ஆடிகளால் பலமுறை செலுத்தினார். குழாயில் அயனிகளோ மிகக் குறைவு. கோட்பாட்டுக் கணக்குகள் கோடுகளின் இடத்தை ஏறத்தாழத்தான் காட்டின. எனவே அங்குலம் அங்குலமாகத் தேட வேண்டியிருந்தது. ஏறக்குறைய ஐந்தாண்டு உழைப்புக்குப் பின் 1980-ல் கோடுகள் கிடைத்தன. பாடநூல்கள் இதை ஒரு வரியில் முடித்துவிடும். அந்த ஐந்தாண்டுகள் அங்கே இரா.

விண்ணில் காண்பதற்கு மேலும் பதினாறு ஆண்டுகள் ஆயின. 1996-ல் ஜெபாலும் ஓகாவும் ஹவாயிலுள்ள அகச்சிவப்புத் தொலைநோக்கியால், 3.67 மைக்ரான் அருகே இரட்டைக் கோடுகளைக் கண்டனர். ஆனால் நம் வளிமண்டலமும் அங்கே கோடு இடுவதுண்டு. எனவே ஏப்ரலில் பார்த்ததை ஜூலையில் மீண்டும் பார்த்தனர். பூமி சூரியனைச் சுற்றுவதால் எவ்வளவு இடம்பெயர வேண்டுமோ, அவ்வளவே கோடுகள் இடம்பெயர்ந்திருந்தன.