பந்தயக் காரின் சக்கரம் சாய்ந்து நிற்பது ஏன்?

பந்தயக் காரை முன்னால் நின்று பாருங்கள். சக்கரங்கள் நேராக நிற்பதில்லை. மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கும். பழுது என்று நினைக்க வேண்டாம். வளைவில் டயர் சாலையில் நன்றாகப் படியவே இந்த ஏற்பாடு!

சோழவரம் முதல்...

கார்ப் பந்தயம் சென்னைக்குப் புதிது அல்ல. சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடந்தது. பிறகு, 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயச் சாலை வந்தது. நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர். வளைவுகள் நிறைந்தது.

வளைவில் நடப்பது என்ன?

வேகமாக வலப்பக்கம் திரும்பினால் கார் இடப்பக்கம் சாயும். பாரத்தின் பெரும்பகுதி இடப்பக்க டயர்களின் வெளி ஓரத்தில் விழும். அந்த ஓரம் சூடேறித் தேயும்.

சக்கரத்தை முன்கூட்டியே உள்ளே சாய்த்து வைத்தால், அப்போது டயர் முழு அகலமும் சாலையில் படியும். தேய்மானம் குறையும். இந்தச் சாய்வுக்குக் 'கேம்பர்' என்று பெயர்.

எவ்வளவு சாய்ப்பது? கார் ஓடி நின்றதும் டயரின் உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூன்றிலும் சூட்டை அளக்கிறார்கள். வெளி ஓரம் மிகவும் சுட்டால் சாய்வு போதாது. உள் ஓரம் மிகவும் சுட்டால் சாய்வு அதிகம்.

கருங்குழிச் சாலையில்...

சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில், மதுராந்தகம் அருகே உள்ள ஊர் கருங்குழி. நெடுஞ்சாலையில் பெரும்பாலும் நேர் ஓட்டம்தான். பந்தயக் காரின் சாய்வை இங்கே வைத்தால் உள் ஓரம் தேய்ந்துவிடும்! வீட்டுக் காருக்குக் கம்பெனி சொன்ன அளவே சரி.

சாய்வைவிடக் கெடுதல் செய்வது 'டோ' கோணல். அதாவது, இரண்டு சக்கரங்களும் ஒரே திசையைப் பார்க்காமல் இருப்பது. ஒரு சக்கரம் 1 டிகிரி கோணலாக இருந்தால், 1 கிலோமீட்டர் ஓடுவதற்குள் கணக்குப்படி 17 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. தாளில் ரப்பர் தேய்வதுபோல டயர் தேயும்!

கையால் கண்டுபிடிக்கலாம்

வண்டியை நிறுத்தி, டயர் ஆறிய பிறகு அதன் குறுக்கே உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கமாகத் தடவினால் வழுவழுப்பு, மறுபக்கமாகத் தடவினால் ரம்பப் பல் போன்ற சொரசொரப்பு என்றால், சக்கரம் கோணல். உடனே 'வீல் அலைன்மென்ட்' பார்க்க வேண்டும்.

வெளியே நன்றாக இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது. உள் ஓரம் கண்ணில் படாது. குனிந்துதான் பார்க்க வேண்டும். கார் டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். குறைந்தால் மழையில் வழுக்கும்.

அலைன்மென்ட் செலவு சில நூறு ரூபாய். புது டயர் சில ஆயிரம். காருக்குள் இருக்கும் குடும்பத்துக்கோ விலையே இல்லை!