புத்தகத்தை விரிக்க ஒரு மூலை கிடைக்குமா? பரீட்சை நேரத்தில் இடம் தேடி அலையும் மாணவர்கள்!

சேலம்,—

மலையில் அமைதி இருக்கிறது, பல்கலைக்கழகம் இல்லை. கீழே பல்கலைக்கழகம் இருக்கிறது, அமைதி இல்லை!

ஏற்காடு மலையில் உள்ள செம்மநத்தம் போன்ற ஊர்களில் இருந்து சேலத்துக்குப் படிக்க இறங்கி வரும் பிள்ளைகளின் பாடு இதுதான். காபித் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் பெற்றோர், வீட்டிலேயே முதன்முதலாக பட்டம் வாங்கப் போகும் பிள்ளை. இப்படிப்பட்ட குடும்பத்துக்கு ஒரு பேப்பரில் "அரியர்" விழுந்தாலும் பெரிய அடிதான்.

லாரிச் சத்தம்

சேலம் பெரியார் பல்கலைக்கழகம் 1997-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகள் இதன்கீழ் வருகின்றன. கருப்பூர் பக்கம், பெங்களூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. இரவு பகலாக லாரி ஓடும் ரோடு. சத்தத்துக்கு கேட்கவா வேண்டும்!

பொதுவாக விடுதி என்றால் ஒரு அறையில் பலர். ஒருவர் படிப்பார், இன்னொருவர் செல்போனில் படம் பார்ப்பார். பஸ்சில் தினமும் வந்து போகிறவர்கள் பாடு அதைவிட மோசம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வீடு போய்ச் சேர்ந்தால், உடம்பு படுக்கையைத்தான் தேடும்.

எங்கே உட்காரலாம்?

அப்படியானால் எங்கே போய்ப் படிப்பது? எந்தப் பல்கலைக்கழக வளாகமானாலும் சரி, வழி இருக்கிறது.

ரோட்டைப் பார்த்த அறை வேண்டாம். அதே கட்டடத்தின் பின்பக்கம் போனாலே சத்தம் பாதியாகக் குறைந்தது போலத் தோன்றும். சத்தத்தைத் தடுப்பது சுவர்தான். மரங்கள் நிழல் தரும்; ஆனால் ஒரு வரிசை மரம் லாரிச் சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது.

மாலையில் வகுப்பு முடிந்ததும் மாடி அறைகள் காலியாகிவிடும். துறைத் தலைவரிடம் அனுமதி கேட்டால் கிடைக்கக்கூடும். பெரிய நூலகத்தில் இடம் இல்லை என்றால், துறைக்குள் இருக்கும் சின்ன நூலகத்தை எட்டிப் பார்க்கலாம். கேன்டீன், ஜெராக்ஸ் கடை, மாடிப்படி பக்கம் மட்டும் உட்காரக் கூடாது. விடியற்காலை எழுகிறவனுக்கு எந்த இடமும் நல்ல இடம்தான்!

மாணவிகள் நிலை

இதில் மாணவிகளுக்கு இன்னொரு தொல்லை. நூலகம் திறந்திருக்கும், ஆனால் விடுதிக் கதவு அதற்கு முன்பே மூடிவிடும். இந்தக் கட்டுப்பாட்டை எதிர்த்து 2015-ல் டெல்லி மாணவிகள் "பிஞ்ச்ரா தோட்" (கூண்டை உடை) என்ற பெயரில் போராட்டமே நடத்தினார்கள்.

சென்னையில்...

சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் படிக்கவும் இடம் தரலாம் என்று காட்டியது சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-ல் திறக்கப்பட்ட இந்த 9 மாடிக் கட்டடத்தில் அதற்கென்றே தனிப் பகுதி உண்டு. பரீட்சைக்குப் படிக்கும் இளைஞர்கள் அங்கே கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். 2011-ல் இதைக் குழந்தைகள் ஆஸ்பத்திரியாக மாற்ற அப்போதைய அரசு முடிவு செய்தது. சென்னை ஐகோர்ட்டு தடை போட்டது. நூலகம் தப்பியது!

மதுரையிலும் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

2000-ம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி ஆஸ்பத்திரி, பள்ளி, கல்லூரி, கோர்ட்டு ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத இடத்தை "அமைதிப் பகுதி" என்று அரசு அறிவிக்கலாம். அங்கே பகலில் 50 டெசிபல், இரவில் 40 டெசிபல்தான் அளவு. ஆரன் அடிக்கக் கூடாது. பட்டாசு வெடிக்கக் கூடாது.

பொது இடங்களில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக் காலங்களில், வருடத்தில் 15 நாட்களுக்கு மேல் போகாமல், நள்ளிரவு 12 மணி வரை அரசு விலக்கு தரலாம். பல குரலில் அலறும் ஏர் ஆரன், மோட்டார் வாகன விதிப்படி தடை செய்யப்பட்டது. ஆனால் ரோட்டில் போனால் காது கிழிகிறது!

கோடை வந்தால் மேலே ஏற்காட்டிலும் கார்கள் வரிசை கட்டும். கோடை விழா மைக்கும் சேர்ந்துகொள்ளும். செமஸ்டர் பரீட்சை வருவதும் அதை ஒட்டித்தான். லீவு போட்டு வீட்டில் படிக்கலாம் என்று மலையேறும் பையனுக்கு, அங்கேயும் நிம்மதி இல்லாமல் போகலாம்.

பரீட்சை மாதங்களில் மட்டுமாவது காலி வகுப்பறைகளை இரவு 10 மணி வரை திறந்து வைத்தால் போதும். பெரிய செலவு இல்லை. நாலு டியூப் லைட், ஒரு காவலாளி. மாணவிகள் விடுதி திரும்ப ஒரு வேன்.

கல்லூரி நிர்வாகங்கள் மனது வைக்குமா? ஏர் ஆரன் மீது போலீசார் கை வைப்பார்களா?