ஷூ போச்சும்மா!

ஷூ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது குழந்தையின் பள்ளிக்கூட ஷூதான். காலை நேரத்தில் அது படுத்தும் பாடு நமக்குத் தெரியாததா என்ன! ஆனால் ஸ்கூட்டரை ஒர்க்‌ஷாப்பில் விட்டால் மெக்கானிக் தம்பியும், “அக்கா, ஷூ போச்சு. மாத்திடவா?” என்று கேட்கிறார். நாமும் அர்த்தம் புரியாமலே தலையை ஆட்டிவிட்டு வருகிறோம்.

எங்கள் குன்றத்தூரிலிருந்து பல்லாவரம் போகும் சாலையைக் காலை எட்டரை மணிக்குப் பார்க்க வேண்டும். லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே, முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை என்று எத்தனை தாய்மார்கள்! அத்தனை பேரின் உயிரையும் பிடித்து நிறுத்துவது இந்த ஷூதான். அதைப் பற்றி நாலு விஷயம் நமக்கும் தெரிந்திருக்க வேண்டாமா?

பெயர் வந்த கதை

சரிவில் நிற்கும் மாட்டு வண்டி உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுப்பார்கள் அல்லவா? மேல்நாடுகளில் குதிரை வண்டி மேட்டிலிருந்து இறங்கும்போது, இதே போல ஓர் இரும்புத் துண்டைச் சக்கரத்தின் கீழே மாட்டினார்கள். சக்கரம் அதன் மேல் ஏறி உட்கார்ந்து, சுற்றாமல் இழுபட்டுக்கொண்டே போகும். சக்கரத்துக்குச் செருப்பு மாட்டியது போல் இருந்ததால் அது ‘ஷூ’ ஆயிற்று. பிறகு சக்கரத்தை உராய்ந்து நிறுத்தும் பாகத்துக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நம் ஊர் சைக்கிள் கடைக்காரர் இன்றும் ‘பிரேக் கட்டை’ என்கிறாரே, அதுவும் பொருத்தமான பெயர்தான்.

உள்ளே என்ன நடக்கிறது?

பெண்கள் ஓட்டும் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின் சக்கரத்திலாவது டிரம் பிரேக் இருக்கிறது. டிரம் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஒரு வட்டச் சம்படம். அதற்குள்ளே, தீபாவளிக்குச் செய்யும் சோமாசி போலப் பிறை வடிவில் எதிரும் புதிருமாக இரண்டு துண்டுகள் இருக்கும். இவைதாம் ஷூக்கள். அவற்றின் வெளிப்பக்கத்தில் சொரசொரப்பாக ஒரு பட்டை ஒட்டியிருக்கும். அதற்கு லைனிங் என்று பெயர். சில மெக்கானிக்குகள் லைனர் என்பார்கள்.

நீங்கள் பிரேக்கைப் பிடித்ததும் கேபிள் இழுபடுகிறது. இரண்டு ஷூக்களும் விரிந்து டிரம்மின் உள்சுவரை அழுத்துகின்றன. அந்த உராய்வில் வண்டி நிற்கிறது. கையை விட்டதும் ஸ்பிரிங் அவற்றைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்கிறது. டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் ஷூவுக்குப் பதிலாக ‘பேட்’ இருக்கும். அது வெளியே தெரியும் இரும்புத் தட்டை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும்.

ஆக, லைனிங் தேய்வது அதன் குற்றமல்ல. தேய்வதற்காகவே செய்யப்பட்டது அது.

எப்போது மாற்ற வேண்டும்?

பிரேக் பிடித்தால் லீவர் ஹேண்டில்பார் வரைக்கும் வந்துவிடுகிறதா? முன்பைவிடத் தள்ளிப் போய் வண்டி நிற்கிறதா? உடனே காட்டிவிடுங்கள். கேபிளை இறுக்கினாலே சரியாகிவிடுவதும் உண்டு. பல ஸ்கூட்டர்களில் டிரம்முக்கு வெளியே ஒரு சிறிய அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுதாகப் பிடிக்கும்போது அந்த அம்பு, எதிரே உள்ள அடையாளத்தைத் தொட்டுவிட்டால் ஷூ மாற்ற வேளை வந்துவிட்டது என்று பொருள். “அம்பு எங்கே நிக்குது, காட்டுப்பா” என்று நீங்களே கேட்கலாம்.

கிறீச்சென்று சத்தம் வருகிறது என்று டிரம்மில் எண்ணெய் மட்டும் விட்டுவிடாதீர்கள்! உராய்வே போய்விடும், வண்டி நிற்காது. மழை நாளில் தேங்கிய தண்ணீரைத் தாண்டி வந்தால் லைனிங் ஈரமாகிப் பிடிப்புக் குறையும். சற்று தூரம் மெதுவாகப் போய், பிரேக்கை இலேசாக விட்டு விட்டுப் பிடித்தால் சூட்டில் காய்ந்துவிடும்.

தேய்ந்தது எங்கே போகிறது?

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. தேய்ந்த லைனிங், பொடியாக டிரம்முக்குள்ளேயே தங்குகிறது. டிரம்மைக் கழற்றியதும் அந்தக் கறுப்புப் பொடியை வாயால் ஊதுவதையும், காற்றுக் குழாயை வைத்து அடிப்பதையும் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நம் குழந்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும்!

சூட்டைத் தாங்கும் என்பதால் லைனிங்கில் நெடுங்காலம் ஆஸ்பெஸ்டாஸ் என்ற கல்நாரைச் சேர்த்து வந்தார்கள். அதன் நுண்ணிய இழைகள் மூச்சோடு போய் நுரையீரலில் தங்கிவிடும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நோய் தலைகாட்டவே இருபது, முப்பது, நாற்பது வருஷம்கூட ஆகலாம்.

வேலை செய்கிறவருக்கு மட்டும்தானே ஆபத்து என்று எண்ண வேண்டாம். 1965-ல் லண்டனில் நியூஹவுஸ், தாம்ஸன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், நுரையீரல் உறையிலும் வயிற்று உறையிலும் வரும் ஒரு வகைப் புற்றுநோய் கண்ட 76 பேரின் வரலாற்றை விசாரித்தார்கள். அவர்களில் 9 பேர் அந்த வேலையே செய்யாதவர்கள். ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். கணவரின் வேலை உடைகளைத் துவைத்த மனைவிமார்களும் அதில் உண்டு.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு நாள் பக்கத்தில் நின்றதால் நோய் வந்துவிடாது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2005-லிருந்து ஆஸ்பெஸ்டாஸுக்குத் தடை. நம் நாட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத லைனிங் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் கழற்றுகிற பழைய ஷூ எந்த வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் பழக்கத்தை மாற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

நாம் செய்யக்கூடியவை

• ஷூ வாங்கும்போது ‘ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது’ என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெயரில்லாத மலிவுச் சரக்கு வேண்டாம்.

• டிரம்மைக் கழற்றும்போது குழந்தையோடு தள்ளி நில்லுங்கள். “ஊதாதே தம்பி, ஈரத் துணியால துடைச்சிடு. உனக்குத்தான் நல்லது” என்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளையும் யாரோ ஒரு தாயின் பிள்ளைதானே!

• கணவரோ தம்பியோ ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறாரா? வேலை உடையை அங்கேயே மாற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால், வந்ததும் குளித்துவிட்டுப் பிறகு குழந்தையைத் தூக்கட்டும்.

• அந்த உடையை உதறவே உதறாதீர்கள். தனி வாளியில் தண்ணீரில் நனைய வைத்துத் தனியாகத் துவையுங்கள். வீட்டில் பொடி சிந்தினால் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள்.

இனி மெக்கானிக், “ஷூ போச்சும்மா” என்றால் சும்மா தலையாட்டாதீர்கள், சகோதரிகளே. “லைனிங் எவ்வளவு தேஞ்சிருக்கு? புதுசு எந்த வகை?” என்று கேளுங்கள். பணமும் வீணாகாது, மூச்சுக்கும் கெடுதல் வராது.