'ரன்' என்றால் ஓட்டம் மட்டும்தானா?

இங்கிலீஷில் ஆளைத் திணற அடிக்கும் சொல் எது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? வாயில் நுழையாத நீளச் சொல் ஒன்றைத்தான் சொல்வீர்கள். அதுதான் இல்லை! நீளச் சொல்லுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு அர்த்தந்தான். அகராதியைப் புரட்டினால் தீர்ந்தது. உண்மையில் தொல்லை கொடுப்பவை மூன்றே எழுத்துள்ள சுண்டைக்காய்ச் சொற்கள்!

'ரன்' என்ற வினைச்சொல்லைப் பாருங்கள். 'ரன் என்றால் ஓடு' என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தை கூடச் சொல்லிவிடும். ஆனால் ஆக்ஸ்போர்டு பேரகராதிக்காக இந்த ஒரு சொல்லைத் திருத்தி எழுதிய பீட்டர் கில்லிவர் என்பவருக்கு ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் பிடித்தன. அவர் கணக்கிட்டுக் கொடுத்த அர்த்தங்கள் 645! 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் 430-க்கும் மேற்பட்ட அர்த்தங்களுடன் முதலிடத்தில் இருந்த சொல் 'செட்'. அதை 'ரன்' முந்திவிட்டது.

காரணம் இல்லாமல் இல்லை. ஒரு காலத்தில் மனிதனும், மிருகமும், ஆறும் ஓடின. பிறகு யந்திர யுகம் வந்தது. ரயில் ஓடிற்று; மோட்டார் ஓடிற்று; ஆலை ஓடிற்று. இன்று கம்ப்யூட்டருக்குள் புரோகிராமும் ஓடுகிறது! புதிதாக எது வந்தாலும் இங்கிலீஷ்காரர்கள் இந்தச் சொல்லைத்தான் கூப்பிட்டார்கள்.

நாம் மட்டும் என்ன? கடிகாரம் ஓடுகிறது, சினிமா நூறு நாள் ஓடுகிறது என்கிறோம். மனத்தில் கவலை புகுந்தால் 'ஒன்றும் ஓடவில்லை' என்கிறோம். இங்கெல்லாம் இரு பாஷைகளும் அக்காள் தங்கை மாதிரிதான்.

ஆனால் எங்கே பிரிகின்றன என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. இங்கிலீஷில் ஒரு பெண்மணி வீட்டை 'ரன்' செய்கிறாள். நாமோ குடும்பம் 'நடத்துகிறோம்'. கையில் காசு குறைந்த மாதத்தில் 'ஏதோ ஓட்டுகிறேன்' என்போம். நடத்துவதற்கும் ஓட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் இல்லத்தரசிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 'ரன்' என்ற சொல்லில் அந்த வித்தியாசம் கிடையாது! தேர்தலிலும் வேடிக்கைதான். அமெரிக்காவில் வேட்பாளர் 'ஓடுகிறார்', இங்கிலாந்தில் 'நிற்கிறார்'. நம் ஊரிலும் நிற்கத்தான் செய்கிறார்.

வேடிக்கை இருக்கட்டும். விஷயம் வினையாகும் இடமும் உண்டு. மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "டஸ் டயபடீஸ் ரன் இன் த ஃபாமிலி?" என்று டாக்டர் கேட்கிறார். குடும்பத்தில் ஓடுவதாவது என்று விழித்து, 'நோ' என்று தலையாட்டி விடாதீர்கள்! நீரிழிவு அவருடைய பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ உண்டா என்றுதான் கேட்கிறார். நமக்குப் பரம்பரையாக 'வருகிற' வியாதி, அவர்களுக்குக் குடும்பத்தில் 'ஓடுகிறது'. உங்கள் பதிலை வைத்துத்தான் என்ன பரிசோதனை செய்வது என்று அவர் யோசிப்பார். நமக்குக் காய்ச்சல் 'அடிக்கிறது', மூக்கு 'ஒழுகுகிறது'. இங்கிலீஷில் இரண்டுமே ஓடுகின்றன.

இனி, இந்தச் சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு வரும் சின்னஞ்சிறு சொற்களைக் கவனியுங்கள். காப்பிப்பொடி தீர்ந்துவிட்டால் 'ரன் அவுட் ஆஃப்'. கடைவீதியில் பழைய சிநேகிதியை எதிர்பாராமல் சந்தித்தால் 'ரன் இன்டு'. கார் சுவரில் மோதினாலும் அதே 'ரன் இன்டு'தான்! எழுதிய கணக்கை ஒரு தடவை மேலோட்டமாகப் பார்த்தால் 'ரன் த்ரூ'. ஒருத்தியை மட்டம் தட்டிப் பேசினால் 'ரன் டவுன்'. சாவி தீர்ந்த கடிகாரமும் 'ரன் டவுன்'. அதே மாதிரி உடம்பு ஓய்ந்து சோர்ந்திருந்தாலும் 'ரன் டவுன்'. புதுப் புடவையின் சாயம் 'ரன்' ஆகும் என்று சீட்டில் போட்டிருந்தால், அதை வெள்ளை வேஷ்டியோடு சேர்த்து நனைக்காதீர்கள்!

அப்படியானால் 645 அர்த்தங்களையும் நெட்டுருப் போட வேண்டுமா? வேண்டாம், அம்மா! பெரும்பாலானவற்றுக்கு அடியில் இருப்பது ஒரே எண்ணம்: நிற்காமல் செல்லுதல். நீர் செல்கிறது, யந்திரம் செல்கிறது, வியாதி தலைமுறை தலைமுறையாகச் செல்கிறது. இந்த எண்ணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் உள்ள சொற்களைப் பார்த்தால் பாதி அர்த்தம் தானே விளங்கிவிடும். மீதிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். சொல்லைத் தனியாக எழுதாமல், அது வந்த வாக்கியத்தை முழுதாக எழுதி வையுங்கள். நாளுக்கு ஒன்று எழுதினாலும் வருஷத்தில் 365 ஆகிறதே! குழந்தைகளையும் கூட உட்கார்த்தி வைத்துக்கொண்டால் இருவருக்கும் லாபம்.

ஓடுகிறவனைக் கண்டால் துரத்துகிறவனுக்கு இளக்காரம் என்பார்கள். இங்கிலீஷைக் கண்டு நாம் ஓடுகிற வரையில்தான் அது துரத்தும். ஒரு நிமிஷம் நின்று திரும்பிப் பாருங்கள். 'ரன்' என்பது மூன்றே எழுத்துத்தான்!