சின்னக் காருக்கு எஞ்சின் வேலை ஏன் வருகிறது?

வெள்ளிக்கிழமை அஸர் தொழுத கையோடு ஒலுவில் துறைமுகப் பக்கம் போய் நின்றால், அம்பாறைக் கரையோரத்தில் என்ன கார் ஓடுகிறது என்று யாரிடமும் விசாரிக்கத் தேவையில்லை. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று எங்கிருந்து காற்று வாங்க வந்தாலும் பெரும்பாலும் சின்னக் கார்தான். சுசுகி வெகன் ஆர், அல்ட்டோ, டொயோட்டா விட்ஸ், அக்வா, ஹொண்டா ஃபிட், இடைக்கிடை ஒரு நிசான் மார்ச். 2013 செப்டம்பரில் திறந்து வைத்த துறைமுகத்துக்குச் சரக்குக் கப்பல் வந்து போகிற வழக்கம் உண்டாகவே இல்லை. மீன்பிடிப் படகு போகும் வாயிலையும் மண் மூடிக்கொண்டது. இந்தக் கார்களெல்லாம் கொழும்பிலும் அம்பாந்தோட்டையிலும் இறங்கி ரோட்டால் வந்தவை.

கார்க்காரர்கள் சந்தித்தால் பேச்சு எஞ்சினில் வந்து நிற்கும். ஏசி போட்டால் இழுவை இல்லை, காலையில் ஸ்டார்ட் பண்ணினால் உதறுகிறது, ஒயில் குறைகிறது, எஞ்சின் லைட் எரிகிறது. முறைப்பாடு பலவிதம். ஆனால் கராஜில் ‘எஞ்சின் கழட்டணும்’ என்று முடிகிற கதைகளைப் பின்னோக்கிப் பார்த்தால், அனேகமானவை தண்ணீரிலும் ஒயிலிலும் தொடங்கியவை. எஞ்சின் கெட்டது கடைசியில். பெரிய காரில் ஆறு மாதம் தள்ளிப்போடக்கூடிய கவனிப்பைச் சின்னக் காரில் தள்ளிப்போட முடியாது என்பதுதான் விஷயம்.

காரணம் அளவில் இருக்கிறது. ஜப்பானில் வரிச் சலுகை பெறும் சிறு காரின் எஞ்சின் 660 சிசிக்கு மேல் போகக்கூடாது. 1990 முதல் அதுதான் வரம்பு. வெகன் ஆரில் இருக்கும் ஆர்06ஏ எஞ்சின் 658 சிசி, மூன்று சிலிண்டர். அதற்கு ஊற்றும் ஒயில் மூன்று லீற்றருக்குள் அடங்கிவிடும். அதில் அரை லீற்றர் எரிந்து போனால் ஆறில் ஒரு பங்குக்கும் மேலே போய்விட்டது. நாலு பேரையும் ஏசியையும் இழுத்துக்கொண்டு ஏறும்போது அந்த எஞ்சின் தன் முழுப் பலத்துக்கும் பக்கத்தில்தான் வேலை செய்கிறது. கையிருப்பு என்று எதுவும் இல்லை.

இதோடு வயதும் சேர்ந்துகொண்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் பழைய கார் விற்றுப் புதுக் கார் எடுக்கும் வழக்கம் அடிபட்டுப் போனது. மூன்று வருடம் ஓட்டிவிட்டு மாற்றலாம் என்று லீசிங்கில் எடுத்தவர்கள் பத்து வருடக் காரை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். விலை ஏறிய சந்தோஷத்தில், உள்ளே இருக்கும் ரப்பர் குழாய்க்கும் அதே வயது என்பதை மறந்துவிட்டோம்.

முதலில் சூடு. கரையோர ரோட்டில் ஓடும்போது இது தெரியவே தெரியாது. கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை, எதிரே கடற்காற்று வேறு. ரேடியேற்றர் பாதி அடைபட்டிருந்தாலும் எஞ்சின் சமாளித்துக்கொள்ளும். கண்டிக்குப் போக வெளிக்கிட்டு, உகண, மகா ஓயா, பதியத்தலாவை தாண்டி மகியங்கனையில் தேத்தண்ணி குடித்துவிட்டு, பதினெட்டு வளைவு என்று பேரெடுத்த ஏற்றத்தில் ஏறத் தொடங்கும்போதுதான் வண்டி உண்மையைச் சொல்லும். ஏசி ஓடுகிறது, கார் நிறையச் சனம், வேகம் குறைவு, எதிர்க்காற்று இல்லை. சூட்டை வெளியே தள்ளும் வேலை முழுக்க அந்தச் சின்ன மின்விசிறியின் தலையில்.

வெகன் ஆர், விட்ஸ் போன்ற பல கார்களில் சூட்டைக் காட்டும் முள் கிடையாது என்பது நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது. இரண்டே லைட். எஞ்சின் குளிராக இருக்கும்போது நீலம். அளவுக்கு மீறிச் சூடானால் சிவப்பு. இடையில் என்ன நடக்கிறது என்று சாரதிக்குத் தெரியாது. சிவப்பு எரிந்த பிறகும் ‘அந்த வளைவு தாண்டி நிற்பாட்டுவோம்’ என்று நினைப்பவர்தான் ஹெட் கஸ்கட்டுக்குக் காசு கட்டுகிறார். சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூடு மீறினால் அது வளையும். வளைந்தால் நடுவில் இருக்கும் கஸ்கட் பிடியை விடும். தண்ணீர் போகும் வழியும் ஒயில் போகும் வழியும் ஒன்றாகிவிடும்.

அக்கரைப்பற்று ரோட்டுக் கராஜ் ஒன்றில் அப்படி இழுத்துக்கொண்டு வந்த ஒரு காரைப் பார்த்தேன். கராஜ் பாஸ் ஒயில் மூடியைத் திருகி எடுத்து உள்பக்கத்தைக் காட்டினார். பால் தேத்தண்ணி நிறத்தில் ஆடை படிந்திருந்தது. பிறகு ஆறிப்போன ரேடியேற்றர் மூடி. விரலை விட்டு எடுத்தார், துரு.

“காக்கா, கூலன்ட் எப்ப மாத்தின?”

“அது சேர்விஸ்ல பாப்பாங்க எண்டு நினச்ச பாஸ். குறைஞ்சா வீட்டுக் கிணத்துத் தண்ணிதான் ஊத்துற.”

பாஸ் பதில் சொல்லவில்லை. ரப்பர் குழாயை அமத்திக் காட்டினார். நொறுநொறுவென்றது. உள்ளே உப்புப் படிந்திருந்தது.

நம் கரையோரக் கிணறுகளில் பலதின் தண்ணீர் சவர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது ரேடியேற்றரின் நுண்குழாயிலும் படியும். கூலன்ட் என்பது நிறம் போட்ட தண்ணீர் அல்ல. கொதிநிலையை உயர்த்தும் கிளைக்கோலும் அலுமினியம் அரிக்காமல் காக்கும் மருந்தும் அதில் இருக்கின்றன. அந்த மருந்து காலத்தோடு தீர்ந்துபோகும். அதனால்தான் நிறம் நன்றாக இருந்தாலும் மாற்றச் சொல்கிறார்கள். மூடியும் வெறும் மூடி அல்ல. உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்துத் தண்ணீரையே சுமார் 120 பாகை வரைக்கும் கொதிக்கவிடாமல் வைத்திருப்பது அதன் ரப்பரும் ஸ்பிரிங்கும்தான். சில ஆயிரம் ரூபாய் மூடி இளகினால் நல்ல எஞ்சினும் கொதிக்கும்.

சூடேறுகிற காருக்குத் தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறிவது இங்கே பழைய வைத்தியம். அது நோயை மறைக்கும். எஞ்சின் எப்போதும் குளிராகவே ஓடும், கணினி அதிகப் பெற்றோல் தெளிக்கும், லீற்றருக்கு ஓடும் தூரம் குறையும். அடைப்பு அங்கேயேதான் இருக்கும். வழியில் சிவப்பு எரிந்தால் செய்ய வேண்டியது வேறு: ஏசியை நிறுத்தி, ஹீற்றரை முழுதாகத் திறந்து, ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தி, ஆறும்வரை மூடியில் கை வைக்காமல் இருப்பது. ஆறுவதற்கு அரை மணிக்கு மேல் எடுக்கும். சுடச்சுடப் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம்.

அக்வாக்காரர்களுக்கு இந்தச் சூடு இன்னொரு வழியால் வருகிறது. அதன் 1.5 லீற்றர் எஞ்சினில் வோட்டர் பம்பைச் சுழற்றுவது பெல்ட் அல்ல, மின்சாரம். கூடவே, வெளியேறும் புகையில் ஒரு பங்கைக் குளிரவைத்துத் திரும்ப உள்ளே விடும் ஈஜிஆர் அமைப்பு. அந்தப் பாதையில் கரி அடைத்தால் எரிதல் சமநிலை கெடும், சூடு கூடும். மூன்றாம் தலைமுறை பிரியஸில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஹெட் கஸ்கட் சிக்கலில் இந்த அடைப்புக்கும் பங்கிருப்பதாகச் சொல்கிறார்கள். அக்வாவிலும் அமைப்பு ஏறத்தாழ அதேதான். காலையில் எஞ்சின் எடுக்கும்போது சில விநாடி காரே உதறி, பிறகு சரியாகிவிட்டால், ‘ஹைபிரிட் எண்டா அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். இரவில் ஒரு சொட்டு கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கலாம். ரிசேர்வ் தாங்கியில் மட்டம் குறைகிறதா என்று பார்க்கக் காசு செலவில்லை.

ஒயில் விஷயத்தில் நாம் நம்புவதும் உண்மையும் நேரெதிர். ‘சும்மா கடைக்கும் பள்ளிக்கும்தானே ஓடுது, ஒயில் என்னத்துக்குக் கெடும்?’ என்பார்கள். ஜப்பானியத் தயாரிப்பாளர்களின் கையேட்டில் எட்டுக் கிலோமீற்றருக்குட்பட்ட குறு ஓட்டம் திரும்பத் திரும்ப நடந்தால் அது கடினப் பாவனை. ஒயில் மாற்றும் இடைவெளி பாதியாகும். சாய்ந்தமருதிலிருந்து கல்முனைச் சந்தைக்குப் போய் வருவது அந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருமுன் நிறுத்திவிடுவதால் ஒயிலில் சேரும் நீராவியும் எரியாத பெற்றோலும் வெளியேற நேரமில்லை. மீற்றரில் தூரம் ஏறாதபடியால் சேர்விஸ் ஸ்டிக்கரில் எழுதிய எண்ணும் வராது. ஒன்றரை வருடம் அதே ஒயில் கிடக்கும்.

அடுத்தது தடிப்பு. 0டபிள்யூ-20 ஒயிலைக் கையில் ஊற்றிப் பார்த்து, “இது தண்ணி மாதிரி, நம்ம வெயிலுக்குச் சரிவராது” என்று 20டபிள்யூ-50 ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெளி வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. உள்ளே இருக்கும் சூட்டைத் தெர்மோஸ்டாட் தீர்மானிக்கிறது. டோக்கியோவிலும் ஒலுவிலிலும் அது கிட்டத்தட்ட ஒன்றுதான். இந்த எஞ்சின்களில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுவதும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிப்பதும் ஒயில் அழுத்தம். துளைகள் நுணுக்கமானவை, தடித்த ஒயில் அங்கே போய்ச் சேரத் தாமதமாகும். ‘செயின் எஞ்சின், வாழ்நாளுக்கும் மாத்தத் தேவையில்ல’ என்று விற்பனைக்காரர் சொல்வது நல்ல ஒயில் ஓடும்வரைக்கும்தான் உண்மை. பழைய மார்ச்சில் காலையில் கேட்கிற அந்தக் கறகறச் சத்தம் நீண்டுபோன செயினாக இருக்க நல்ல வாய்ப்புண்டு. அல்ட்டோ 800இல் இருப்பது செயின் அல்ல, பெல்ட். அதை எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத காரை வாங்கினால், தெரியாது என்பதையே காரணமாக வைத்து மாற்றிவிடலாம்.

உதறல் எல்லாமே பழுது அல்ல. மூன்று சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது ஸ்டியரிங்கில் மெல்லிய நடுக்கம் வருவது அதன் பிறவிக் குணம். ஆனால் ஒரு சிலிண்டர் ‘மிஸ்’ அடித்தால் அங்கே பலத்தில் மூன்றில் ஒன்று போய்விடும். பிளக், இக்னிஷன் கொயில், அழுக்கேறிய திரொட்டில் என்று மலிவான இடத்திலிருந்து தேட வேண்டும். இதில் ஃபிட்காரர்களுக்கு ஒரு விசேஷம். பழைய 1.3 லீற்றர் ஐ-டிஎஸ்ஐ எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டாக எட்டுப் பிளக். முன்வரிசை கைக்கு எட்டும். பின்வரிசைக்குக் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பகுதியைக் கழட்டி, குனிந்து, சபிக்க வேண்டும். அதனால் நாலு புதிது, நாலு பழசு என்று ஓடுகிற ஃபிட்கள் உண்டு. கழட்டிய பிளக்குகளை எண்ணி வாங்குங்கள்.

கடல் பக்கத்தில் வாழ்வதற்கும் ஒரு வரி இருக்கிறது. போட்காரர் கரைக்கு வந்ததும் அவுட்போட் எஞ்சினை நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவுவார். அதே மனிசர் காரைக் கடலைப் பார்க்க நிறுத்திவிட்டு, மழை கழுவும் என்று இருப்பார். உப்பு முதலில் பிடிப்பது எஞ்சினுக்குள் அல்ல: ரேடியேற்றரின் மெல்லிய தகடு, மின்விசிறியின் பிளக், பற்றரி முனை, உடலில் முறுக்கியிருக்கும் ஏர்த் வயர். ஏர்த் அரித்துப்போனால் சென்சர்கள் பொய் சொல்லும். இல்லாத பழுதுக்கெல்லாம் லைட் எரியும். வேளாண்மை வெட்டுக் காலத்தில் சம்மாந்துறைப் பக்கம் ஓடுகிறவர்களுக்கு இன்னொன்று: வைக்கோல் தூசி. அந்தப் போகம் முடிந்ததும் எயார் ஃபில்டரைத் திறந்து பார்ப்பது நல்லது. அக்வாவின் பின்சீற்றோரம் இருக்கும் பற்றரிக் காற்றுத் துவாரத்தில் கடற்கரை மண்ணும் பிள்ளைகளின் பிஸ்கட் தூளும் அடைப்பது எஞ்சின் பழுது அல்லத்தான். பில் வரும்போது எஞ்சினை விடப் பெரிதாக இருக்கும்.

பெற்றோலைக் குறை சொல்வது நமக்குப் பிடித்த வேலை. 2017 நவம்பரில் தரமில்லாத பெற்றோல் கப்பலை ஏற்க மறுத்ததால் நாடே வரிசையில் நின்றதும், 2022இல் கியூஆர் காட்டிக் கிழமைக்கு 20 லீற்றர் வாங்கியதும் மறக்கவில்லை. அப்போது கேனில் சேர்த்துவைத்து ஊற்றிய பெற்றோலோடு போன நீரும் அழுக்கும் பல இன்ஜெக்டர்களைக் கெடுத்தன. ஆனால் இழுவை இல்லை என்று 95க்கு மாறுவது வீண். ஜப்பானின் சாதாரணப் பெற்றோலுக்கு அங்குள்ள தரம் கேட்கும் குறைந்தபட்ச ஒக்டேன் 89. அதற்கென்று செய்த வெகன் ஆருக்கு நம் 92 தாராளம்.

எஞ்சின் லைட் எரிந்தால் ஸ்கேன் போட்டு அழித்து அனுப்புவது இப்போது பல இடங்களில் ஒரு தொழிலாகிவிட்டது. ஸ்கேன் கருவி சொல்வது எந்த இடத்தில் குழப்பம் என்று மட்டும். எந்தச் சாமானை வாங்க வேண்டும் என்று அல்ல. அழிக்குமுன் அந்தக் கோட் எண்ணைக் கடதாசியில் எழுதி வாங்குங்கள்; இரண்டு மாதத்தில் அதே எண் திரும்பி வந்தால் பேச ஒரு ஆதாரம் இருக்கும். இதைவிடச் சுலபமான பரிசோதனை ஒன்று வருடா வருடம் கைக்கு வருகிறது, யாரும் படிப்பதில்லை. வருமான அனுமதிப் பத்திரத்துக்காக எடுக்கும் புகைப் பரிசோதனை அறிக்கையில் ஐட்லிங்கிலும் 2500 சுற்றிலும் எச்சியும் (ஹைட்ரோகார்பன்) சிஓவும் (கார்பன் மொனொக்சைட்டு) எண்ணாக அச்சாகியிருக்கும். எச்சி கூடினால் பெற்றோல் எரியாமல் போகிறது, பிளக்கைப் பாருங்கள். சிஓ கூடினால் கலவையில் பெற்றோல் அதிகம், எயார் ஃபில்டரிலிருந்து தொடங்கலாம். பாஸ் ஆகியிருந்தாலும் போன வருட எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்தத் தாள்களை எறியாமல் வைத்திருந்தால்.

இனி ரீகண்டிஷன் கார் எடுக்கப் போகிறவர்களுக்கு. பொனட்டுக்குக் கீழேயோ சாரதிக் கதவின் ஓரத்திலோ ஜப்பானில் ஒட்டிய ஒயில் மாற்று ஸ்டிக்கர் சிலவேளை கிழியாமல் இருக்கும். அதில் வருடம் 28 என்று இருந்தால் பயப்பட வேண்டாம்: அது அவர்களின் ஹெய்செய் ஆண்டு, 1988ஐக் கூட்டினால் 2016. பக்கத்தில் எழுதியிருக்கும் கிலோமீற்றர் இப்போது மீற்றர் காட்டுவதைவிட அதிகமாக இருந்தால் அந்த இடத்தை விட்டு வந்துவிடலாம். தயாரிப்பாளரின் ஜப்பானிய இணையத்தளத்தில் செசி இலக்கத்தைப் போட்டால் ரீகோல் நிலுவை இருக்கிறதா என்று தெரியும். 2013இல் வந்த ஃபிட் ஹைபிரிட்டை 2014 முடியுமுன் ஐந்து தடவை திரும்ப அழைத்தார்கள். சில தடவை கியர்பொக்ஸை இயக்கும் மென்பொருளுக்காக. அழைப்புக் கடிதம் போவது ஜப்பானில் பதிந்த உரிமையாளருக்கு. கப்பலேறி வந்த காருக்கு அது வராது. விலை பேசுமுன், காலையில் எஞ்சின் குளிராக இருக்கும்போது வரச் சொல்லுங்கள். நீங்கள் போய்ச் சேருமுன்பே யாரோ எடுத்துச் சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லலாம்.