பேன் பார்க்கும் புறா

சிங்கப்பூரில் ஜாலான் புசார் என்றொரு வீதி உண்டு. மலாய் மொழியில் 'பெரிய சாலை' என்று பொருள். அங்குள்ள பழைய கடைவீடுகளின் மேலே புறாக்கள் அமர்ந்து, ஓயாமல் இறகைக் கோதிக்கொண்டிருக்கும். அழகுக்காக என்று நினைக்கிறோம். உண்மையில், தாய் மகளுக்குப் பேன் பார்ப்பதுபோல, புறா தனக்குத்தானே பேன் பார்த்துக்கொள்கிறது!

நம் தலைப்பேன் இரத்தம் உறிஞ்சும். பறவைப் பேனுக்கோ கடிக்கும் தாடை உண்டு. புறாவின் சிறகில் வாழும் மெல்லிய பேன், இறகு இழைகளுக்கிடையே நீளவாக்கில் ஒளிந்துகொள்ளும். பசித்தால் உடம்புக்கு இறங்கி மென்மையான தூவிகளைத் தின்னும். புறாவின் மேல் அலகு நுனி சற்றே வளைந்து நீண்டிருக்கும். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த நுனியை மட்டும் தேய்த்துவிட்டுப் பார்த்தபோது பேன்கள் பெருகின. இதை 2005-இல் வெளியிட்டார்கள். பேனை நசுக்கும் கருவி அந்த நுனிதான்.

இதே பாடம் நம் லயத்துக் கோழிகளுக்கும் பொருந்தும். கோழியின் வாலுக்குக் கீழே இறகை விலக்கிப் பாருங்கள். வெளிர்மஞ்சள் பேன்கள் ஓடும். இறகின் அடியில் ஈறுகள் கொத்தாக ஒட்டியிருக்கும். இந்தப் பேன் தோலைக் கடிப்பதோடு, முளைக்கும் இறகைக் கடித்து இரத்தமும் குடிக்கும். கோழி இளைக்கும், முட்டை குறையும். ஆனால் அது நம் தலையில் குடியேறாது.

ஈறு 4 முதல் 7 நாளில் பொரிக்கும். சுமார் 3 வாரத்தில் குஞ்சுப்பேன் முழுப்பேனாகும். பிறப்பும் வளர்ப்பும் கோழியின் மேல்தான். கீழே விழுந்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது. ஆகவே கூண்டை மட்டும் கழுவிப் பயனில்லை. கோழிக்கே வைத்தியம் செய்ய வேண்டும்.

உலர்ந்த மணலும் சாம்பலும் கலந்த குழி ஒன்று வையுங்கள். கோழி புரண்டு குளிக்கும். அலகு நுனியை வெட்டாதீர்கள். பேன் மிகுந்தால் கோழிக்கென்றே விற்கும் பொடியைச் சீட்டில் உள்ள அளவுப்படி தூவுங்கள். மருந்துக்கு ஈறு சாகாது. ஆதலால் 10 நாள் கழித்து மறுபடி தூவ வேண்டும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். தோட்டத்தில் பயிருக்குத் தெளிக்கும் மருந்தைக் கோழிமேல் தடவவே கூடாது. அது கோழியையே கொல்லலாம். முட்டை வழியாக நம் பிள்ளைகளின் வயிற்றுக்கும் போகலாம். பேனுக்குப் பயந்து நஞ்சை வீட்டுக்குள் அழைக்கலாமா?