கேமராவுக்குள் ஆண்ட்ராய்டு: லென்ஸை முந்திக் கிழடான மென்பொருள்

2012 ஆகஸ்டில் ஒரு வார இடைவெளியில் இரண்டு கேமராக்கள் அறிமுகமாயின. 22ஆம் தேதி நிக்கானின் கூல்பிக்ஸ் எஸ்800சி. 29ஆம் தேதி பெர்லினில் சாம்சங்கின் கேலக்ஸி கேமரா. இரண்டும் சட்டென்று எடுத்துச் செல்லும் சிறிய வகை. இரண்டையும் இயக்கியது, செல்போனில் இருக்கும் அதே ஆண்ட்ராய்டு. சாம்சங்கில் 21 மடங்கு ஜூம், 4.8 அங்குலத் தொடுதிரை, 3ஜி சிம் எல்லாம் உண்டு. போன் பேச மட்டும் முடியாது.

யோசனை நியாயமானதுதான். 2010இல் உலகச் சந்தைக்கு 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் போயின. அதன்பின் மக்கள் செல்போனுக்கு மாறினார்கள். எடுத்த படத்தை அந்த நிமிடமே அனுப்பலாம் என்பது முக்கியக் காரணம். ஆனால், அன்றைய போன்களில் நல்ல ஜூம் இல்லை. லென்ஸையும் இணையத்தையும் ஒரே பெட்டிக்குள் வைத்தால் என்ன என்று கேமரா தயாரிப்பாளர்கள் கேட்டார்கள்.

சிக்கல் பொத்தானை அழுத்தியதுமே தொடங்கியது. குழந்தை சிரிக்கும் நொடியில் கேமரா விழித்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டோ முழுதாக எழுந்திருக்கவே அரை நிமிடம் வரை எடுத்துக்கொள்ளும். நிக்கான் பொறியாளர்கள் இதற்கு அழகான வழி கண்டார்கள்: படம் எடுக்கும் பகுதி தனியாக உடனே இயங்கும், ஆண்ட்ராய்டு பின்னால் மெல்ல வந்து சேரும். பாராட்ட வேண்டிய வேலை. ஆனாலும் பேட்டரி சுமார் 140 படங்களுக்குத்தான் தாங்கியது.

பெரிய அடி வேறு இடத்தில் விழுந்தது. நல்ல லென்ஸ் 20 ஆண்டு உழைக்கும். இயங்குதளம் மூன்று ஆண்டில் கிழடாகிவிடும். எஸ்800சி பிறக்கும்போதே 2010இல் வந்த ஆண்ட்ராய்டு 2.3ஐத்தான் சுமந்து வந்தது. 2021 செப்டம்பர் 27 முதல் அந்தப் பதிப்பில் கூகுள் கணக்குக்குள் நுழையவே முடியாது. பிறகு வந்த ஆண்ட்ராய்டு கேமராக்களான பானசோனிக் சிஎம்1, 6,000 டாலருக்கு விற்ற சைஸ் இசட்எக்ஸ்1 ஆகியவையும் நிலைக்கவில்லை. கேமராவின் ஆயுளை மென்பொருளின் ஆயுளோடு முடிச்சுப் போட்டதுதான் தவறு என்பேன்.

பழைய பொருள் சந்தையில் இவற்றில் ஒன்று கண்ணில் பட்டால், சாதாரண கேமராவுக்கு உரிய விலையை மட்டும் கொடுங்கள். மெமரி கார்டைக் கழற்றிக் கணினியில் போட்டால் படங்கள் வந்துவிடும்.